துண்டு கட்டிய அப்பா

என் மகளுக்கு அப்பா என்றால் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு என்று நான் கண்டுபிடித்தபோது அவளுக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர், என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எங்கள் வாசலில் வந்து நின்றார். வெடிமருந்து நெடி மூக்கில் ஏறாமல் இருக்க, பட்டாசு வேலைக்குப் போகிற ஆண்கள் கண்ணுக்குக் கீழே இருந்து கழுத்து வரைக்கும் துண்டைச் சுற்றிப் பிடரியில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அவர் அதை அவிழ்க்காமலே வந்திருந்தார். அதே சிவப்புக் கட்டம், சிவகாசிக் கடைகளில் எல்லோரும் வாங்குகிற துண்டு. என் இடுப்பில் இருந்த பிள்ளை அவரைப் பார்த்ததும் துள்ளினாள். இரண்டு கையையும் நீட்டினாள், காலை உதைத்தாள், பல்லில்லாத வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"எம்மா தாயி, என்னையத் தெரியுதா ஒனக்கு?" என்று அவர் சந்தோஷமாகக் குனிந்தார். குனிந்துகொண்டே துண்டைக் கழுத்துக்கு இறக்கினார்.

பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள், கழுத்தில் கிடந்த துண்டைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வேர்வ நாத்தம் பிடிக்கல போல," என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குக்கு மேல் கோபம்தான் வந்தது. அந்த மனுஷர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கோபமெல்லாம் என் வீட்டுக்காரர் மேலும் என் மேலும்தான்.

என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை பார்த்தவர். நான் எட்டு மாத வயிற்றோடு இருந்தபோது அந்த ரூமில் மருந்து பற்றிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் விவரம் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி, எத்தனை பேர், உயிர் இருக்கா, இந்த மூன்று கேள்வியோடு சரி. உயிர் இருந்தது. கண் இரண்டும் நெற்றியும் தப்பின. கண்ணுக்குக் கீழே மூக்கு, கன்னம், உதடு, தாடை, கழுத்து என்று எதுவும் பழைய மாதிரி இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். தொடையிலிருந்து தோல் எடுத்து முகத்தில் வைத்தார்கள். இங்கே பிள்ளை பிறந்ததை அவருக்குப் போனில்தான் சொன்னேன்.

அந்த வார்டில் ஒருநாள், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் ஒரு சின்னப் பையனைக் கூட்டி வந்திருக்கிறார்கள். கட்டு அவிழ்த்த முகத்தோடு இவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவன் வீறிட்டிருக்கிறான். வார்டைவிட்டு வெளியே தூக்கிப் போன பிறகும் வராந்தாவில் அவன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். தன் பிள்ளைக்கு இந்த முகத்தைக் காட்டுவதில்லை என்று அன்றைக்கே இவர் முடிவு எடுத்துவிட்டார். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போது வீட்டுக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே துண்டு கட்டியிருந்தது, வேலைக்குப் போகிறவர்கள் கட்டுகிற அதே கட்டு.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பதினைந்து வருஷமாகப் பட்டாசுக்குத் திரி வெட்டுகிறவர். தம்பி என்றால் உயிர். அவர்தான் ஆரத்தி எடுத்தார். எடுத்த கையோடு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏ பிள்ள, அவன் சொல்றதுதான் சரி. பச்சப்பிள்ள பயந்துச்சுன்னா சீர் தட்டிரும், வயித்தால போயி எளச்சிரும். கொஞ்ச நாளைக்கி மூடியே இருக்கட்டும்."

நானும் தலையாட்டினேன். இதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை பார்த்தேன். காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கலர் தள்ளி விழுந்ததைப் பிரித்துப் போடுவது என் வேலை. ஒரு சாமி படத்துக்கோ குழந்தை படத்துக்கோ உதட்டுச் சிவப்பு ஒரு மயிரளவு தள்ளி விழுந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும், அந்தத் தாள் வேஸ்டில் போய்விடும். அப்படிப் பழகின கண்ணோடு புருஷன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. துண்டு எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அப்படித்தான் இரண்டு மாதம் ஓடியது. பிள்ளை விழித்துக்கொண்டால், "துண்ட எங்கன?" என்று அவர் குரல் கேட்கும். கட்டிக்கொண்டுதான் தொட்டில் பக்கம் வருவார். தொட்டில் சேலையை விலக்கிப் பார்ப்பார், பேசுவார். அவள் சிரிப்பாள். பார்த்தாயா, அப்பாவைத் தெரிகிறது என்று நாங்கள் மூன்று பேரும் பூரித்துப் போவோம். அவள் தூங்கும்போது மட்டும் துண்டு அவர் தலைமாட்டில் கிடக்கும். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளுக்குத் துண்டைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வீட்டுக்காரர் வந்துபோன இரண்டாம் நாள் பிள்ளைக்குச் சளி பிடித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. மருந்தெழுதிக் கொடுத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். பின்னால் வரிசையில் ஆள் நின்றார்கள், நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். "பிறந்த குழந்தைக்கே முகம்னா ஒரு ஈர்ப்பு உண்டும்மா. மேல ரெண்டு கண்ணு, கீழ ஒரு வாய், அந்த அமைப்பைத் தேடித்தான் பார்க்கும். ஆனா மொதல்ல வெளிவிளிம்பைத்தான் பிடிக்கும். முடி எங்க முடியுது, நெத்தி எங்க ஆரம்பிக்குது, அதுதான் அடையாளம். கண்ணு மூக்கு வாய் எல்லாத்தையும் சேத்து இது இன்னார்னு பதியறதுக்கு மாசக்கணக்குல ஆகும். இப்ப அவ மூளை அந்த வேலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. எதைத் தினமும் பாக்குறாளோ அதுதான் அவளுக்கு முகம். நீங்க துண்டைக் காட்டுனீங்க, அவ துண்டை எடுத்துக்கிட்டா."

"அப்ப அவரு முகத்தப் பாத்தா பயப்பட மாட்டாளா டாக்டர்?"

"எது அழகு, எது அசிங்கம்னு அவளுக்கு என்னம்மா தெரியும்? தெரிஞ்ச முகம், தெரியாத முகம், அவ்வளவுதான். அதையும் இப்பத்தான் பிரிக்க ஆரம்பிக்கிறா. ஏழெட்டு மாசம் ஆச்சுன்னா புது ஆள் யார் வந்தாலும் அழுவா. அதுக்குள்ள பழக்கிட்டா நல்லது."

"அதுக்குப் பெறகுன்னா?"

"அப்பவும் பழகுவா. ஆனா அழுது, பயந்து, மெதுவாப் பழகுவா. குழந்தை அதைத் தாங்கிக்கும். உங்க வீட்டுக்காரர் தாங்குவாரா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். வார்டில் யாரோ பெற்ற பையன் ஒரு நாள் அழுததற்கே இத்தனை நாள் முகத்தைக் கட்டிக்கொண்டு திரிகிற மனுஷர், சொந்தப் பிள்ளை தினமும் வீறிட்டால் என்ன செய்வார்? ஒன்று வாழ்நாள் முழுக்கத் துண்டோடு இருப்பார், இல்லையென்றால் வீட்டைவிட்டே போவார். எனக்கு இரண்டு மாதம் இருந்தது. திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பிள்ளை அவள் அப்பன் முகத்தைத் தெரிந்துகொண்டுதான் உட்காரவும் தவழவும் பழகும்.

வீட்டில் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா பிள்ள? நானே கண்ணாடி பாக்கதில்ல. அவளப் பாக்கச் சொல்லுத?"

"நீங்க கண்ணாடி பாத்தா பாருங்க, பாக்காட்டிப் போங்க. அவ பாக்கணும். டாக்டரம்மா சொல்லிட்டாக."

"டாக்டரம்மா வந்து பிள்ள வளப்பாகளா?"

அதோடு பேச்சு முடிந்தது. மறுநாள் காலையில் நான் வீட்டிலிருந்த நான்கு துண்டையும் அண்டாவில் போட்டு சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்தேன். அவர் எழுந்து, தேடி, விஷயத்தைப் புரிந்துகொண்டார். கொடியில் கிடந்த என் பச்சைச் சேலையை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சோற்றுத் தட்டையும் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துச் சாப்பிட்டார். புதுப்பெண் மாதிரி அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். சாயங்காலம் நானே துண்டைக் காயப்போட்டேன். அப்படி மல்லுக்கட்டினால் இவரிடம் நடக்காது என்று புரிந்தது.

பிறகு தினமும் சொன்னேன். சோறு போடும்போது சொன்னேன், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொன்னேன். என் தொல்லை தாங்காமல் ஒருநாள், "ஒரே ஒரு தடவ. அழுதான்னா அதோட விட்றணும்," என்று ஒத்துக்கொண்டார். நானும் அவசரக்காரி. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருந்ததைக்கூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். அவர் துண்டை இறக்கினார். நடுவில் எந்தப் பேச்சும் இல்லை, பழக்கமான குரல்கூட இல்லை. பிள்ளை இரண்டு நொடி பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டாள்.

அவர் சட்டென்று துண்டை ஏற்றிக்கொண்டார். சத்தம் கேட்டு மதினி ஓடிவந்து பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கினார். "பெத்த தாயா நீ? இப்பிடி வம்புக்குப் பயமுறுத்துத?" என்று என்னை வைதுகொண்டே கோயிலுக்குக் கொண்டுபோய்த் துண்ணூறு போட்டு, கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டிவந்தார். என் வீட்டுக்காரர் பின்பக்கத்து அறைக்குள் போனவர்தான், மூன்று நாள் முன்னறைக்கே வரவில்லை. பிள்ளை தொட்டிலில் சிணுங்கினால்கூட எழுந்து வரவில்லை.

அந்த மூன்று நாளும் என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அவள் பயந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பயமாகத் தெரியவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் துண்டை இறக்கியபோது என்ன பார்வை பார்த்தாளோ அதே பார்வைதான் இங்கேயும். அந்த மனுஷர் முகத்தில் ஒரு தழும்பும் கிடையாது. இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது, அவருக்கு எப்படி உறைக்க வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வழி தானாகவே வந்தது. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை ஒரு வெள்ளைத் துண்டில் சுருட்டி உச்சியில் கொண்டை மாதிரி கட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். வழக்கமாக மதினிதான் அந்நேரம் பிள்ளையை வைத்திருப்பார், அன்றைக்கு அவர் வேலைக்குப் போயிருந்தார். பாயில் கிடந்தவளைக் குனிந்து தூக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. வீறிட்டாள். பத்து மாதம் சுமந்து, ராப்பகலாகப் பால் கொடுக்கிற என்னைப் பார்த்துத்தான்!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை அழ அழ நான் உள்ளறையைப் பார்த்துக் கத்தினேன்.

"இங்க வாங்க! சீக்கிரமா வாங்க! வந்து பாருங்க!"

பிள்ளைக்கு என்னமோ ஏதோ என்று அவர் துண்டைக்கூட எடுக்காமல் ஓடிவந்து கதவருகில் நின்றார். நான் தலைத்துண்டை அவிழ்த்தேன். முடி தோளில் விழுந்தது. பிள்ளை விக்கிக்கொண்டே பார்த்தாள், என் நெற்றியையும் முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகை அடங்கியது. மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தாள். நான் மறுபடியும் துண்டைக் கட்டினேன், மறுபடியும் உதடு பிதுங்கியது. அவிழ்த்தேன், சிரித்தாள்.

"பாத்தீகளா? என்னையப் பாத்தும்தான் அழுதா. நான் என்ன வெந்தா கெடக்கேன்? முடி தெரியலன்னா எங்க அம்மையக் காணோம்னு அழுதா, துண்டு தெரியலன்னா எங்கப்பனக் காணோம்னு அழுதா. ஒங்க மூஞ்சியப் பாத்து அழல அவ. ஒங்களத் தேடி அழுதா."

 அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். "அப்ப எப்பிடிப் பழக்கணும்?" என்று கேட்டார்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. பிள்ளை வயிறு நிறைந்து, தூங்கி எழுந்து, விளையாட்டு மனநிலையில் இருக்கிற காலை நேரமாகப் பார்த்தேன். வாசல் கதவைத் திறந்து வெளிச்சம் விழுகிற இடத்தில் பாயைப் போட்டு, என் மடியில் அவளைப் படுக்கவைத்து, ஒரு முழத் தூரத்தில் அவரை உட்காரச் சொன்னேன். முதலில் துண்டோடுதான். அவர் பேச வேண்டும். அவள் சிரித்த பிறகு, பேச்சை நிறுத்தாமல் துண்டை இறக்க வேண்டும். அவள் முகம் மாறினால் மறுபடி ஏற்ற வேண்டும், பேச்சு மட்டும் நிற்கக் கூடாது.

"என்னத்தப் பேச?" என்றார்.

"என்னத்தையும் பேசுங்க. சீசன்ல எம்புட்டு லோடு ஏத்துனீகன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னார். மழைக்கு முன்னால் காயவைத்த சரக்கை ஓடி ஓடி எடுத்தது, போர்மேன் வைதது, சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் படுத்தது என்று ஐந்து மாதப் பிள்ளைக்குக் கம்பெனிக் கதை முழுக்கச் சொன்னார். துண்டு இறங்கியது. பிள்ளையின் கண் திகைத்தது. குரல் தெரிந்த குரல், முகம்தான் தெரியாத முகம். கண்ணிலிருந்து வாய்க்கு வந்தாள், வாயிலிருந்து கண்ணுக்குப் போனாள். சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுகிறாள் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாளும் அவளுக்கு அப்பாவின் வாயே கிடையாதே! முதல் நாள் சிணுங்கினாள். இரண்டாம் நாளும் சிணுங்கினாள். மூன்றாம் நாள் வெறுமனே பார்த்தாள்.

ஒரு சங்கடம் இருந்தது. அவர் உதடு இழுத்துப் பிடித்துக்கொண்டதால் சிரித்தால் சிரித்த மாதிரி வராது. கண்ணில் சிரிப்பு இருக்கும், வாய் அப்படியே இருக்கும். நாம் சிரித்தால் பிள்ளை சிரிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், இங்கே அதற்கு வழியில்லை. அவருக்கும் அது தெரிந்து போயிருக்க வேண்டும். ஒருநாள் பேச்சு தீர்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் நாக்கை நீட்டினார். பிள்ளை அசையாமல் பார்த்தாள். அவர் மறுபடி நீட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளும் எச்சில் வழியத் தன் சின்ன நாக்கை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு நான் அவர் முகத்தை விலகாமல் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். வேஸ்டில் போடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. என் புருஷன் முகம்தான்.

ஆறாவது மாதத்தில் அவள் அவர் மடியில் உட்கார்ந்து அவர் தாடையைக் கடிக்க ஆரம்பித்தாள். பல் முளைக்கிற தினவு. தோல் மடிந்து தடித்திருக்கிற அந்த இடம் அவளுக்கு வாகாக இருந்தது போல. ஒரு மத்தியானம் குழம்பு கொடுக்க வந்த மதினி அதைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டார். துண்டில்லாத தம்பி முகத்தை அவரும் அதுவரை பார்த்ததில்லை. அக்காவுக்கும் சேர்த்துத்தான் அவர் மூடியிருந்தார். மதினி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அதட்டினார்.

"ஏலே, எங்கிட்டக்கூட காட்டாம வச்சிருந்தியே! பிள்ளைக்கி இருக்க தைரியம் எனக்கு இருக்காதுன்னு நெனச்சியாலே?"

என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. அன்றிலிருந்து பிள்ளையைத் தம்பி மடியில் கொண்டுபோய்ப் போடுவதே மதினிதான்.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே எட்டாவது மாதம் பிள்ளைக்குப் புது ஆள் என்றாலே ஆகாமல் போனது. தெருவில் யார் கை நீட்டினாலும் அழுதாள். முகத்தில் ஒரு மருகூட இல்லாத, பவுடர் பூசிய, நல்ல லட்சணமான சொந்தக்காரப் பெண்களைப் பார்த்தெல்லாம் அழுது, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வந்தவர்கள் மனம் நோகுமே என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் வாசலைத் தாண்டினால் அவருக்குத் துண்டு வேண்டும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"வீட்டுக்குள்ள ஒன் இஷ்டத்துக்கு விட்டுட்டேன்ல? வெளிய என்னைய விட்ரு. ஊருக்காரன் பூரா நாக்க நீட்டி வெளாடவா போறான்?"

பிள்ளைக்காகத்தான் நான் ஒற்றைக் காலில் நின்றேன், அந்தக் காரியம் முடிந்தது, மற்றது அவர் பாடு என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்ட மாதிரி இருந்தேன் என்பதுதான் சரி.

பிள்ளைக்குப் பத்து மாதம் இருக்கும்போது, அவருடைய கழுத்துத் தழும்பைக் காட்டுவதற்காக விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். சிவகாசியில் பஸ் மாறினோம். இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னல் ஓரம் அவர், துண்டும் தானுமாக. இந்தப் பக்கம் நான், மடியில் பிள்ளை. பஸ் நிறையப் புது முகங்கள். அவள் சிணுங்கத் தொடங்கினாள். "இங்க வா தாயி," என்று அவர் கை நீட்டினார். அவள் போகவில்லை. குரலைக் கேட்டுத் திரும்பியவள் துண்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் ஒட்டிக்கொண்டாள். ஐந்து மாதத்தில் எந்தத் துண்டைப் பார்த்துத் துள்ளினாளோ அது இப்போது அவளுக்கு யாரோ ஓர் ஆள். அவர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒருவர் ஏறினார். ஐம்பது வயசு இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. முகம் பூராவும் பழைய தீக்காயம். ஒரு காது இல்லை. துண்டெல்லாம் கட்டவில்லை. வந்து எங்களுக்கு நேர் எதிர்ப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

பிள்ளையின் சிணுங்கல் நின்றது. அவரைப் பார்த்தாள். என் மடியில் எம்பினாள், இரண்டு கையையும் அந்தப் பக்கம் நீட்டினாள்.

"ப்பா," என்றாள்.

அந்த மனுஷர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்து ஒரு குழந்தை கை நீட்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். கை தானாக முன்னால் வந்தது, தொடலாமா வேண்டாமா என்று பாதியில் நின்றது.

"ப்பா, ப்பா," என்று இவள் எட்டி விழப் பார்க்கிறாள்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "ஏத்தா, அது ஆரு? ஒங்கப்பன் நான் இங்கன இருக்கேன்!" என்றார். அவ்வளவு சத்தமாக அவர் வெளியில் பேசி நான் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிடரி முடிச்சை இழுத்தார், அது அவிழவில்லை. பொறுமையில்லாமல் துண்டை அப்படியே தலைக்கு மேலே உருவிப் போட்டார். பஸ் முழுக்கப் பார்த்தது.

பிள்ளை திரும்பினாள். இவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி இவர். ஆள் யார் ஆள் யார் என்று அவள் கண் நடக்கிற நடையை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மடியிலிருந்து இவர் பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்காரர் கையை மடக்கி மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார். "குடுத்துவச்சவம்ப்பா நீ," என்றார். "எம்மவன் எங்கிட்ட வர நாலு வருசம் ஆச்சு. பயந்துருவான்னு துண்டக் கெட்டிக்கிட்டே திரிஞ்சேன்."

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து, பிள்ளையை அவர் மடியில் கொண்டுபோய் உட்காரவைத்து, அவள் பார்வையில் படும்படி பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவள் அழவில்லை. அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் மஞ்சப்பையை இழுக்க ஆரம்பித்தாள்.

திருத்தங்கல் தாண்டி கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் இருக்கையருகே வந்தபோது கீழே கிடந்த துண்டைக் குனிந்து எடுத்தார்.

"யார் துண்டும்மா இது, ஒங்களதா?"

"எங்களது இல்லண்ணே," என்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரும் அதற்குக் கை நீட்டவில்லை.